மலை ஏறுகிறவர்களுக்கு அடிவாரத்திலிருந்து ஒரு மடல்

கொடைக்கானல் போகும் வழியில் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கிற, எட்டிப் பார்க்காத எல்லோருக்கும்,



மதுரை, திண்டுக்கல் பக்கமிருந்து வருகிறவர்கள் வத்தலக்குண்டு தாண்டியதும் காட்ரோட்டில் வலப்பக்கம் திரும்பி மலை ஏறிவிடுகிறீர்கள். அந்த முக்கில் திரும்பாமல் நேராகச் சில கிலோமீட்டர் வந்தால் தேவதானப்பட்டி. தேனி, கம்பம், குமுளி வழியாக வருகிறவர்கள் எங்களைக் கடந்துதான் அந்த முக்குக்கு வரவேண்டும். ஆனாலும் ஒரு டீ, ஒரு ஆமவடை, அதோடு சரி. இரண்டு வகையாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

இப்போது எழுதக் காரணம் உண்டு. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயமானது. 2025 கோடையில் வண்டிகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வந்தது: வார நாட்களில் ஒரு நாளைக்கு 4,000, வார இறுதியில் 6,000. பாஸ் கிடைக்காதவர்களும், கிடைத்தும் மலைப்பாதை நெரிசலை நினைத்துத் தயங்குகிறவர்களும் அடிவாரத்தில் என்ன இருக்கிறது என்று விசாரிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். விசாரிப்பது நல்லதுதான். பதிலை ஊர்க்காரன் வாயால் கேட்டுக்கொண்டு வாருங்கள்.

குளிர் எங்களிடம் இல்லை. படகு விட ஏரியும் இல்லை. சித்திரை மாத மதியத்தில் தார் ரோட்டில் நின்றால் செருப்பு இளகும். எங்களிடம் இருப்பதெல்லாம் மலையிலிருந்து இறங்கி வந்தவை: தண்ணீர், மண், பூண்டு, மீன், கடைசியில் எங்கள் அம்மனும்கூட. மேலே போகிற உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதும் இதில்தான் இருக்கிறது. நீங்கள் மலையில் விட்டுவிட்டு வருவதும் அதே வழியில்தான் எங்களிடம் இறங்குகிறது.

டம்டம் பாறையில் வண்டியை நிறுத்தி எலிவால் அருவியைப் படம் பிடித்திருப்பீர்கள். தலையாறு அருவி என்பதும் அதுவே. சுமார் 975 அடி உயரத்திலிருந்து விழுகிறது. தமிழ்நாட்டில் அதைவிட உயரமான அருவி கிடையாது. தூரத்திலிருந்து பார்த்தால் பாறையில் யாரோ சுண்ணாம்புக் கோடு இழுத்ததுபோல் இருக்கும். பார்த்துவிட்டு வண்டி ஏறிவிடுகிறீர்கள். அந்தக் கோடு கீழே வந்து என்னவாகிறது என்று யாரும் கேட்பதில்லை. அது மஞ்சளாறாகிறது, எங்கள் ஊருக்கு மேலே உள்ள மஞ்சளாறு அணையில் தேங்குகிறது, தோப்புகளுக்கும் வயல்களுக்கும் பாய்ந்து மிச்சம் வைகைக்குப் போகிறது. அணை 57 அடி. ஐப்பசி, கார்த்திகையில் நீர்மட்டம் 51 அடியைத் தொட்டதும் முதல் எச்சரிக்கை, 53-ல் இரண்டாவது, 55-ல் மூன்றாவது. அதற்குமேல் வருவது அப்படியே ஆற்றில் போகும். அந்த நாட்களில் கெங்குவார்பட்டி, ஜி.கல்லுப்பட்டி, தேவதானப்பட்டிக்காரர்கள் காலையில் கேட்கிற முதல் கேள்வி அணையில் எத்தனை அடி என்பதுதான். மழை வெறித்த மறுநாள் அணைக்கரைக்கு வந்து பாருங்கள். மலை கழுவி வைத்ததுபோல் நிற்கும். டிக்கெட் கிடையாது, கூட்டமும் கிடையாது. நடந்துவிட்டுத் திரும்புங்கள், அணைத் தண்ணீரில் இறங்க வேண்டாம்.

எலிவால் அருவியின் உச்சிக்குப் போய் விளிம்பில் நின்று எட்டிப் பார்க்கும் ஆசை சிலருக்கு உண்டு. அந்தப் பாறையில் கால் வழுக்கினால் பிடிக்க ஒரு செடிகூடக் கிடையாது. இதற்குமேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

அணைக்குப் போகும் வழியில் ஆற்றங்கரையில் இருக்கிறாள் மூங்கிலணை காமாட்சியம்மன். ஒரு வெள்ளத்தில் பெட்டி ஒன்று மிதந்து வந்தது, மூங்கில் புதர் அதை அணைபோலத் தடுத்து நிறுத்தியது, அந்தப் பெட்டிக்குள் இருப்பவள் அம்மன் என்பது தலைமுறைகளாகச் சொல்லும் கதை. கருவறைக் கதவு திறப்பதில்லை. சாத்திய கதவுக்குத்தான் பூசை, சாத்திய கதவுக்குத்தான் கும்பிடு. விளக்குக்கு நெய் கொண்டுவந்து கொடுப்பார்கள். அது பானை பானையாகச் சேர்ந்து கிடக்கும். எறும்பு அண்டாது என்பார்கள். முதல் தடவை வருகிறவர்கள் சாமி எங்கே என்று கழுத்தை நீட்டுவதைப் பார்த்திருக்கிறேன். எதையும் படமெடுத்துப் பழகிய கைக்கு அங்கே ஒன்றும் அகப்படாது. எனக்கு அந்தக் கோயிலில் பிடித்த விஷயமே அதுதான்.

இனி கும்பக்கரை. பெரியகுளத்திலிருந்து எட்டொன்பது கிலோமீட்டர். அருவி பெரியகுளத்துப் பக்கம் இருந்தாலும் அதைக் கவனிப்பது தேவதானப்பட்டி வனச்சரகம். உங்களில் பாதிப்பேர் குற்றாலத்துக் கணக்கில் ஆனி, ஆடியில் வந்து நிற்கிறீர்கள். அப்போது தென்மேற்குப் பருவமழை கேரளத்தின் பக்கம் கொட்டிக்கொண்டிருக்கும். எங்கள் சரிவு மழை மறைவு. கும்பக்கரைக்கு உயிர் வருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கோடையில் மேலே இடிமழை பெய்தால் சில நாள் போனஸ். அதனால் ஒரு போன்கூடப் பேசாமல் குடும்பத்தோடு வந்து, வறண்ட பாறையைப் பார்த்து டிக்கெட் கொடுப்பவரைத் திட்டுவதில் அர்த்தமில்லை.

தண்ணீர் இருக்கும்போதுதான் இன்னும் கவனம் வேண்டும். அருவிக்கு வரும் பாம்பாறு பிறப்பது கொடைக்கானல் மேட்டில். நீங்கள் குளிக்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும். மேலே மழை பெய்வது தெரியாது. தெளிந்திருந்த தண்ணீர் செம்மண் நிறமாகும், சருகும் குச்சியும் சேர்ந்து வரும், விழும் சத்தம் கனக்கும். இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் கரையேறிவிடுங்கள். வனத்துறைக்காரர் விசில் ஊதினால் இன்னும் ஒரே ஒரு முழுக்கு என்று கெஞ்சாதீர்கள். அவருக்கு உங்கள்மேல் கோபமில்லை. யானை கெஜம் போன்ற மடுக்களின் ஆழம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. வழுக்குப்பாறை பெயருக்குத் துரோகம் செய்யாது. அருவியை மூடிவிட்டார்கள் என்றால் திரும்பிப் போய்ச் சாப்பிடுங்கள். சாப்பாட்டுக்கு வருகிறேன்.

அதற்கு முன் மேலிருந்து இறங்கும் இன்னொன்றைச் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் மூடிய ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலையை 1980-களில் கொண்டுவந்து கொடைக்கானலில் வைத்தார்கள். பின்னாளில் அது இந்துஸ்தான் லீவர் வசம் வந்தது. பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி அங்கே மூஞ்சிக்கல் பகுதிக் காயலான் கடையில் கிடந்ததை ஊர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பும் வெளிக்கொண்டுவந்த பிறகு 2001-ல் ஆலை மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேரோடு நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 ஆனது. ஆலை இருந்த மேட்டின் சரிவு பாம்பாறு சோலைக்குள் இறங்குகிறது. பாம்பாறு எங்கே வருகிறது என்று இப்போதுதான் சொன்னேன். மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்தால் போதும் என்ற வழக்கு பல ஆண்டு நடந்தபோது, அது மலைக்காரர்களின் பிரச்சினை என்றே கீழே பலரும் நினைத்தோம்.

அவ்வளவு பெரிய ஆலை உங்கள் கையில் இல்லை. உங்கள் கையில் இருப்பது பாட்டில். கொடைக்கானலில் 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர், குளிர்பான பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது. பிடிபட்டால் பாட்டிலுக்கு 20 ரூபாய் பசுமை வரி. அதற்குப் பயந்து மலையேறும் முன் ஓரமாக வீசிவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது? வீசிய இடம் எங்கள் ஓடை. பிளாஸ்டிக்காவது மிதந்துவந்து கண்ணில் படும். மது பாட்டில் உடைந்தால் ஆற்று மணலுக்குள் மறைந்து, அடுத்த வாரம் குளிக்க இறங்கும் பிள்ளையின் காலுக்குக் காத்திருக்கும். நீலகிரியில் காட்டு விலங்குகளின் கால்களைக் கிழித்தது இதே கண்ணாடிதான். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று டாஸ்மாக் 2022-ல் அங்கே ஆரம்பித்தது அதனால்தான். பத்து ரூபாய் ஆசை காட்டினால்தான் குனிந்து எடுப்போம் என்றால், அப்படியாவது எடுக்கட்டும்.

சரி, சாப்பாடு.

எங்கள் பக்கத்துக்கு வருவதற்கு மாம்பழமே போதுமான காரணம். பெரியகுளம், தேவதானப்பட்டி, கெங்குவார்பட்டி என மலையடி நெடுக மாந்தோப்புதான். சித்திரையில் தொடங்கி ஆனி வரை ரோட்டோரம் கூடை கூடையாக இருக்கும். சேலத்து மாம்பழம் பேர் வாங்கிய அளவுக்கு எங்கள் பழம் வாங்கவில்லை. பேர் வாங்கத் தெரியாத ஊர் இது. காசா என்று ஒரு ரகம் உண்டு, காசாலட்டு என்றும் சொல்வோம். அதைத் தின்றபிறகு வேறு பழம் பற்றிப் பேசுங்கள். இமாம்பசந்து விலை கூடுதல், தோல் மெல்லிசு, ஊர் கொண்டுபோகும் முன் நசுங்கும்; வாங்கிய இடத்திலேயே தின்றுவிடுவது புத்திசாலித்தனம். கல்லாமை என்றால் கிளிமூக்கு. காயாக நறுக்கி உப்பு மிளகாய்த்தூள் தொட்டுத் தின்ன அதற்கு ஈடில்லை. செந்தூரம் கண்ணுக்குத்தான் என்பது என் கட்சி. வீட்டில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.

வாங்கும்போது மஞ்சள் நிறத்தை நம்பாதீர்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பது சட்டப்படி தடை, ஆனாலும் நடக்கிறது. எல்லாப் பழமும் ஒரே சீராக மஞ்சள் அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். காம்புப் பக்கம் மோந்து பாருங்கள். மரத்தில் முற்றிய பழம் அங்கே மணக்கும். முடிந்தால் தோப்பு வாசலில் வாங்குங்கள். வைக்கோலில் வைத்துப் பழுக்கவைக்கும் தோப்புக்காரர் காயாகத்தான் தருவார், நாலைந்து நாள் பொறுக்கச் சொல்வார். பொறுங்கள். ஒரு மரத்துக் காயை வியாபாரி என்ன விலைக்குக் கேட்டுவிட்டுப் போகிறார், அதே காய் நகரத்தில் என்ன விலைக்குப் போகிறது என்று அவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். அப்புறம் கிலோவுக்கு ஐந்து ரூபாய் பேரம் பேச உங்களுக்கே மனம் வராது.

மழைக்காலத்தில் வந்து மாம்பழம் இல்லையே என்று வருந்துகிறவர்களுக்கு மீன் இருக்கிறது. மஞ்சளாறு அணையிலும் வைகை அணையிலும் பிடிக்கும் கட்லா, ரோகு, ஜிலேபி கெண்டை. வைகை அணைப் பக்கம் மசாலா தடவி வறுத்துத் தருகிற கடைகள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அணை மீனின் உண்மையான ருசி குழம்பில், அதுவும் மாங்காய் போட்ட குழம்பில். சட்டியில் வைத்து ஒரு ராத்திரி ஊறியபின் மறுநாள் காலை இட்லிக்கு ஊற்றினால் அதற்குமேல் பேச்சில்லை. இது ஓட்டலில் கிடைப்பது அரிது. தெரிந்தவர் யாராவது இருந்தால் வெட்கப்படாமல் கேளுங்கள், எங்கள் பக்கத்தில் சாப்பாடு கேட்டு வந்தவரைக் குறைவாக நினைப்பதில்லை. யாரையும் தெரியாதவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் பரோட்டாக் கல் சத்தம் கேட்கும் கடையில் உட்காருங்கள். சால்னா நன்றாக இருக்கும், உறைப்பு மதுரைக்கு ஒரு பிடி கூட.

பூண்டு வாங்க வேண்டுமானால் பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வடுகபட்டி. பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் விளைகிற மலைப்பூண்டு விலை பேசப்படுவது அங்கேதான். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு. கொடைக்கானல் கடைத்தெருவில் வாங்கி இறங்குவதைவிட இங்கே பார்த்து வாங்கலாம். முருங்கைக்கும் இந்த மண்ணில் ஒரு பெருமை. இன்று ஆப்பிரிக்கா வரை பயிராகும் பி.கே.எம்.1 செடிமுருங்கை 1989-ல் வெளிவந்தது பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி, ஆராய்ச்சி நிலையத்திலிருந்து. பி.கே.எம். என்ற மூன்று எழுத்தும் பெரியகுளமே. கேப்பைக்களியோடு முருங்கைக்கீரை எங்காவது கிடைத்தால் விடாதீர்கள்.

கூடுதலாக ஒரு நாள் இருப்பவர்கள் தேனி தாண்டிக் கம்பம் பள்ளத்தாக்குக்குள் போகலாம். 1895-ல் முடிந்த பெரியாறு அணைத் தண்ணீர் அங்கே 14,707 ஏக்கரில் இருபோக நெல் விளைவிக்கிறது. அந்த அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் படத்தைச் சாமி படத்தோடு மாட்டியிருக்கும் வீடுகளைப் பார்த்தால் வியக்காதீர்கள். சின்னமனூரிலிருந்து பதினெட்டு வளைவுகள் ஏறினால் மேகமலை. வளைவுகளுக்குப் பூக்களின் பெயர். 2021-ல் அந்தக் காடு திருவில்லிப்புத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகமானது. இருட்டியபின் சோதனைச்சாவடி உங்களை விடாது, வாக்குவாதம் வேண்டாம். சுருளி அருவியை யானை நடமாட்டம் என்று மூடினாலும் அப்படியே. 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற யானை கம்பம் தெருவுக்குள் நடந்து வந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கு யானை என்பது பொழுதுபோக்கு இல்லை. கம்பத்துப் பன்னீர் திராட்சை 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. அது அனேகமாக ஆண்டு முழுக்கக் கிடைக்கும். கொட்டையுள்ள, தோல் தடித்த கறுப்புத் திராட்சை. கொட்டையில்லாப் பழத்துக்குப் பழகிய வாய்க்கு முதலில் சலிப்பாக இருக்கும், இரண்டாவது கொத்தில் பிடிபடும். பந்தலுக்குள் படமெடுக்க நுழையும்முன் தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை. போடியில் ஏலக்காய் ஏலம் நடப்பது வியாபாரிகளுக்கான காரியம். உங்களுக்குக் கடைத்தெரு போதும். 2023 ஜூன் முதல் சென்னையிலிருந்து போடிக்கே நேர் ரயில் ஓடுகிறது, கார் எடுத்துத்தான் வரவேண்டும் என்பதில்லை.

போடி என்றதும் குரங்கணி நினைவுக்கு வராமல் போகாது. 2018 மார்ச் 11-ல் அந்த மலையில் தீ சூழ்ந்து, மலையேற வந்தவர்களில் 23 பேர் உயிர்விட்டார்கள். பெரும்பாலும் இளைஞர்கள், உங்களைப்போல வாரக் கடைசிக்கு வந்தவர்கள். மாசி, பங்குனியில் இந்தச் சரிவுகளின் போதைப்புல் ஒரு தீப்பொறிக்குக் காத்துக் கிடக்கும். ஒருபக்கம் பற்றினால் காற்று மேல்நோக்கி இழுத்துக்கொண்டு போகும். ஏறி ஓடுகிறவரைவிடத் தீ வேகமாக ஏறும். இப்போது அரசே 2024-ல் தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 பாதைகளுக்கு வழிகாட்டியோடு அனுப்புகிறது, குரங்கணி–சாம்பலாறு அதில் ஒன்று. தீக்காலத்தில் அடைத்துவிடுவார்கள். வனத்துறைக்குத் தெரியாமல் கூட்டிப்போகிறேன் என்று யாராவது சொன்னால், அது எங்கள் ஊர்க்காரனாக இருந்தாலும், போகாதீர்கள்.

ஒரு காலத்தில் அடிவாரம் வெறும் வழியாக இருந்ததில்லை. காட்ரோடு வழியான லா மலைப்பாதை முதல் உலகப்போர்க் காலத்தில்தான் வந்தது. அதற்கு முன் கொடைக்கானல் போன வெள்ளைக்காரர்கள் மாட்டுவண்டியில் பெரியகுளத்துப் பக்கம் கிருஷ்ணம்மநாயக்கன் தோப்புக்கு வந்து இறங்குவார்கள். அங்கிருந்து நடையாகவோ மட்டக்குதிரையிலோ ஏற்றம். வசதி உள்ளவர்களை நாற்காலியில் வைத்து எங்கள் பக்கத்து ஆட்கள் தோளில் சுமந்தார்கள். இன்றைக்கு உங்களைச் சுமக்க எங்களுக்கு ஆசையில்லை. ஏறும் முன்னோ இறங்கிய பின்னோ ஒரு இராத்திரி தங்கிப் போகிற வழக்கம் மட்டும் திரும்பினால் நல்லது. தங்கும் விடுதிகள் பெரியகுளத்திலும் தேனியிலும் இருக்கின்றன. எங்கள் ஊரில் அவ்வளவு வசதி இல்லை, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

எப்போது வரலாம் என்று கேட்டால், தண்ணீர் வேண்டுகிறவர்கள் கார்த்திகையில் வாருங்கள், பழம் வேண்டுகிறவர்கள் வைகாசியில். இரண்டும் ஒரே பயணத்தில் வேண்டும் என்கிறவர்கள், வைகாசியில் மேலே நல்ல இடிமழை பெய்த செய்தி வரும்வரை மதுரையிலேயே இருந்து, வந்தவுடன் கிளம்புங்கள். சில வருடம் வாய்க்கும். மாசியில் மகா சிவராத்திரித் திருவிழா நாட்களில் அம்மன் கோயிலுக்குக் காரில் மட்டும் வராதீர்கள். ஆற்றங்கரை முழுக்க ஜனம், நிறுத்த ஓரிடம் கிடைக்காது. பெரியகுளம் பஸ்ஸில் ஏறித் தேவதானப்பட்டியில் இறங்கினால் கூட்டமே உங்களைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். நெய் வாங்கி வருவதாக இருந்தால் பிளாஸ்டிக் பையில் வேண்டாம், ஒரு தூக்குவாளியில் கொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
மஞ்சளாற்றங்கரைக்காரன் ஒருவன்,
தேவதானப்பட்டி.